வில்லுக்கும் லீவு வேண்டும்

அக்கா மகனுக்கு பிளஸ் டூ பரீட்சை முடிகிற வரை அவனுடைய வில் என் பொறுப்பில் இருக்கட்டும் என்று ஜனவரியில் முடிவானது. குடவோலை எல்லாம் போடவில்லை. அக்காவின் நேரடி நியமனம்.

மூங்கில் வில். நம் தேசியப் போட்டிகளில் இந்த ரக வில்லுக்கென்றே 'இந்தியன் ரவுண்ட்' என்று தனிப் பிரிவு உண்டு. பையனுக்கு அதில் ஒரே வெறி. எனக்கோ அது ஷோகேஸ் சாமான். நாண் பூட்டியபடியே ஹாலில், மேற்கு ஜன்னலோரம் ஆணியில் மாட்டினேன். ஆபீஸ் நண்பர் ஒருவர் வந்தார். எடுத்தார். அம்பே இல்லாமல் நாணைக் காது வரை இழுத்து விட்டார். டொய்ங்! கைதட்டி, காபி கொடுத்து அனுப்பினேன்.

பரீட்சை முடிந்த அன்று சாயந்திரமே பையன் வந்துவிட்டான். நாணை அவிழ்த்தான். வில் நிமிரவே இல்லை. கூன் விழுந்த கிழவன் மாதிரி அப்படியே நின்றது. அவன் ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தெரிந்த ஆசாரி ஒருவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். உள்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"யாரு தம்பி நாணை அவுக்காம வெச்சது?"

நான் கூரையைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். வில் வளையும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். கொஞ்ச நேரம் என்றால் மீண்டு வந்துவிடும். மூன்று மாசம் நசுங்கியே கிடந்தால் அந்த நார் அப்படியே படிந்துவிடும். இழுத்தால் பழைய விசை இருக்காது. பங்குனி வெயில் வேறு ஈரத்தை உறிஞ்சினால் விரிசல்தான். நண்பரின் டொய்ங் இன்னும் மோசம். அம்போடு போக வேண்டிய விசை முழுக்க வில்லின் மேலேயே பாயுமாம். ஒடியாததே அதிர்ஷ்டம்.

இங்கிலாந்தில் 1545-ல் மூழ்கிய 'மேரி ரோஸ்' போர்க்கப்பலை 1982-ல் வெளியே எடுத்தார்கள். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்கள் கிடைத்தன. பெட்டிக்குள் நாண் பூட்டாமல் அடுக்கியிருந்தவை, 400 வருஷத்துக்குப் பிறகும் வில்லாகவே இருந்தன. சேற்றுக்கடியில் கிடந்த வில்லுக்கு இருந்த சுகம் என் ஹாலில் இல்லை!

இப்போது சுவரில் இரண்டு முளை அடித்து, வெயில் படாமல், படுக்கை வசமாக வைத்திருக்கிறேன். மூலையில் சாத்தக்கூடாது, தன் கனத்திலேயே கோணிக்கொள்ளும். நாணுக்குத் தேன்மெழுகு. வில்லுக்கு லின்சீட் ஆயில், இரண்டு சொட்டு. (முதலில் தேங்காயெண்ணெய் தடவினேன். காயவே இல்லை. தெருத் தூசி முழுக்க ஒட்டிக்கொண்டது.)

"என் மிக்ஸியை ஒருநாள் துடைச்சிருக்கீங்களா?" என்கிறாள் மனைவி.

கூன் பாதிதான் நிமிர்ந்தது. வறண்ட ஏரியில் விட்டுப் பார்த்தோம். அம்பு இலக்குக்கு முன்னாலேயே குத்தி நின்றது. "ஒரு சாண் மேலே குறி வெச்சா சரியாப் போயிடும் மாமா" என்றான். அவன் சொன்ன விதம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

எங்கள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு, பராந்தக சோழன் காலத்தது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி தேர்தலுக்கு நிற்கக்கூடாது என்கிறது. அவன் உறவினர்களும் நிற்கக்கூடாது. அந்த உறவுப் பட்டியலில் சகோதரியின் மகனும் உண்டு. தப்பு மாமாவுடையது, தண்டனை மருமகனுக்கு!

போன ஞாயிறு அந்த ஆபீஸ் நண்பர் மறுபடி வந்தார். கை தானாகச் சுவர்ப்பக்கம் போயிற்று.

"காபி மட்டும்தான் ஸார்" என்றேன்.