உள்ளோரத்தையும் பாருங்கள்



வீட்டில் கிடக்கும் பழைய செருப்பொன்றைத் திருப்பிப் பாருங்கள். சிலரது செருப்பு குதிப் பக்கத்தில் வெளியோரம் தேய்ந்திருக்கும். சிலரது உள்ளோரம் தேய்ந்திருக்கும். புதுச் செருப்பு வாங்கினாலும் நடை மாறாதவரை அதே இடந்தான் தேயும். வாகனத்தின் டயரும் அப்படித்தான். இதனை இம்மாதம் எழுதத் தூண்டியது ஒரு தாயின் கடிதம்.

இங்கிலாந்தில் தொழில் பார்க்கும் அவரது மகன், மஸ்டா எம்.எக்ஸ்-5 எனும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பாவித்த நிலையில் வாங்கியிருக்கிறார். இரண்டே இருக்கைகள், அவருக்கும் மனைவிக்கும். பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று ஸ்பிரிங்குகளை மாற்றிக் காரைத் தாழ்த்தியும் இருக்கிறார். எட்டு மாதத்தில் பின் டயர்கள் இரண்டினதும் உள்ளோரம் தேய்ந்து கம்பி தெரிகிறதாம். வெளிப்பக்கமோ புதிது போல இருக்கிறதாம். "டயர் விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? மருமகளும் அதில்தான் போய் வருகிறாள். மழை என்றால் என் மனம் பதறுகிறது" என்று எழுதியிருக்கிறார்.

சகோதரி, குற்றம் பெரும்பாலும் டயரில் இல்லை. சக்கரம் நிற்கும் நிலையில்தான் இருக்கிறது.

டயர் தேயும் விதத்தைக் கொண்டே காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று கூடுதல். இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி மிஞ்சினால் காற்றுக் குறைவு. ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்தால் ஷொக் அப்சோபர் பழுதாகியிருக்கலாம். சக்கரத்தின் சமநிலை தவறியிருக்கவும் கூடும். ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரத்தின் கோணத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

அக்கோணங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, சாய்வு. ஸ்போர்ட்ஸ் கார்களின் சக்கரங்கள் மேற்பக்கம் சற்று உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது டயர் வீதியில் நன்கு பதிய வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு அது. மற்றது, போக்கு. அதாவது சக்கரங்கள் நேரே பார்க்கின்றனவா, உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கின்றனவா என்பது. சாய்வு மட்டும் சற்றுக் கூடினால் டயர் மெதுவாகவே தேயும். போக்கும் தவறிவிட்டால் ஒவ்வொரு மைலிலும் டயர் பக்கவாட்டில் உரைந்துகொண்டே போகும். தேங்காய் துருவுவது போலத்தான். ஒரு டிகிரியில் சிறு பங்கு பிசகினாலே போதும். காரைத் தாழ்த்தும்போது இந்த இரண்டு கோணங்களுமே மாறிவிடுகின்றன. மகன் ஸ்பிரிங்கை மாற்றினார். கோணத்தைத் திருத்தினாரா என்பதுதான் கேள்வி.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கார் சமதரையில், எஞ்சின் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டபடி நிற்க வேண்டும். முன் டயரின் உள்ளோரத்தை ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பிவிட்டுப் பார்க்கலாம். பின் டயரின் உள்ளோரம் கண்ணுக்கு எளிதில் படாது. கைத்தொலைபேசியைப் பின்னால் நீட்டிப் படம் எடுத்துப் பாருங்கள். ஜாக்கியில் தூக்கிய காரின் கீழே மட்டும் ஒருபோதும் குனியாதீர்கள். கம்பி தெரியாத டயராயின் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் அரம்போலக் கூராகவும் இருந்தால் போக்கு தவறியிருக்கிறது என்று கொள்ளலாம்.

இங்கிலாந்துச் சட்டப்படி, டயரின் அகலத்தில் நடு முக்கால் பகுதியில் சுற்றிவர ஆகக் குறைந்தது 1.6 மில்லிமீற்றர் ஆழம் இருக்க வேண்டும். அப்படியானால் ஓரம் போனாலும் பரவாயில்லையே என்று மகன் சொல்லக்கூடும். கம்பி தெரியும் டயர், நடுவில் எவ்வளவு ஆழம் இருந்தாலும், சட்ட விரோதமானதே. ஒரு டயருக்கு 2,500 பவுண் வரை அபராதமும், சாரதி அனுமதிப்பத்திரத்தில் 3 புள்ளிகளும் விழலாம்.

அபராதத்தை விடப் பெரியது உயிர். டயரின் பள்ளங்கள்தான் மழைநீரை வெளியே தள்ளுகின்றன. அவை அழிந்தால் டயர் வீதியை விட்டு நீரின்மேல் மிதக்கும். எம்.எக்ஸ்-5 பின் சக்கரங்களால் தள்ளப்படும் கார். அந்தச் சக்கரங்கள் பிடியை இழந்தால் கார் சுழன்றுவிடும். கம்பி தெரியும் டயர் வெடிக்கவும் கூடும்.

ஆகவே அந்தத் தாய் மகனிடம் சொல்ல வேண்டியவை இவை. முதலாவது, இந்த டயர்களுடன் இனி ஒரு பயணமும் வேண்டாம். இரண்டாவது, காற்றழுத்தத்தையும், சக்கரத்தைத் தாங்கும் இணைப்புகளும் றப்பர் புஷ்களும் தளர்ந்துள்ளனவா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். தளர்ந்தவற்றை மாற்றாமல் கோணம் திருத்துவது, ஆடும் மேசையில் தராசு வைப்பதற்குச் சமம். மூன்றாவது, புது டயர்கள் போட்டதும் நான்கு சக்கரங்களுக்கும் அலைன்மென்ட் செய்ய வேண்டும். சில இடங்களில் முன்னிரண்டை மட்டும் திருத்திவிட்டு அனுப்பிவிடுவார்கள். இந்தக் காரில் பின் சக்கரங்களின் கோணங்களையும் திருத்த வசதி இருக்கிறது. திருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைத் தாளில் அச்சிட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். தாழ்த்திய உயரத்தில் அளவு சரிவராவிட்டால் பழைய ஸ்பிரிங்கையே மாட்டிவிடுவது நல்லது.

கோணத்தைத் திருத்தாமல் டயரை மட்டும் மாற்றினால், அடுத்த எட்டு மாதத்தில் அதே கடிதத்தை நீங்கள் மறுபடியும் எழுத நேரும்.

ஏனைய சகோதரிகளுக்கும் ஒரு சொல். உங்கள் வீட்டு வாகனம் ஸ்போர்ட்ஸ் காராக இல்லாதிருக்கலாம். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் வேனாகவும் இருக்கலாம். டயர் நன்றாயிருக்கிறது என்று யாராவது சொன்னால், "உள்ளோரத்தையும் பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.