வண்டிக்கு ஒரு கவசம்

கர்ணன் கவசத்துடன் பிறந்தான் என்று நாம் அனைவரும் படித்திருக்கிறோம். மோட்டார் வண்டிக்கு அந்தப் பாக்கியம் கிடையாது என்பதைச் சென்ற தை மாதத்தில்தான் தெரிந்துகொண்டோம். தெரிவித்தவர் விற்பனைக் கூடத்துத் தம்பி.

பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒருவர் புது வண்டி வாங்குவது அடிக்கடி நிகழும் சம்பவம் அன்று. ஐந்து வருஷம் கட்டிய சீட்டுப் பணத்தை முன்பணமாகக் கொடுத்து, மீதிக்குப் பாங்கியில் ஏழு வருஷத்துக் கடன் எழுதிக் கொடுத்துவிட்டு, சாவிக்காகக் கையை நீட்டினோம். கைக்கு வந்தது ஒரு விலைப் பட்டியல்.

"சார், வண்டிக்கு டெப்லான் பூச்சு ஆறாயிரங்க. செராமிக் பூச்சு இருபத்தெட்டாயிரங்க. பி.பி.எப். படலம் ஒட்டினா ஒண்ணேகால் லட்சம் ஆகுமுங்க. செராமிக் 9 ஹெச் கடினமுங்க சார், சாவியை வெச்சுக் கீறினாக்கூடக் கோடு விழாதுங்க" என்றார் தம்பி.

"யோசித்துச் சொல்கிறோம்" என்று சொல்லித் தப்பி வந்தோம். வீட்டில் விஷயத்தைப் பிரஸ்தாபித்ததும் நம் வீட்டு அம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏனுங்க, கம்பெனிக்காரங்க பெயிண்டு அடிச்சுத்தானே குடுக்கறாங்க? அதுக்கு மேல இன்னொரு பூச்சு எதுக்குங்க?"

நியாயமான கேள்வி. அந்த இருபத்தெட்டாயிரம் ரூபாய் வானத்திலிருந்து வருவதன்று. ஜூன் மாதத்தில் மூத்த பெண்ணைக் கல்லூரி விடுதியில் சேர்ப்பதற்கென்று தனியாக எடுத்து வைத்த தொகை அது. ஆகையால் பதிலைச் சற்றுப் பொறுப்புடனேயே தேட வேண்டியிருந்தது.

முதலில் வண்டியின் வர்ணம் என்பது என்ன என்று பார்ப்போம். அந்தக் காலத்தில் ஒரு வண்டிக்கு வர்ணம் தீட்டி, உலர்த்தி, மெருகேற்றுவதற்கு வாரக் கணக்கில் பிடிக்கும். 1914 முதல் 1925 வரை ஃபோர்டு கம்பெனியாரின் 'மாடல் டி' வண்டி கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது. கறுப்பு மலிவானது, நீடித்து உழைப்பது என்பது அவர்களுடைய கணக்கு. 1923-இல் டூபாண்ட் கம்பெனியாரின் 'டூக்கோ' என்னும் விரைவில் உலரும் வர்ணம் மோட்டார் வண்டிகளுக்கு வந்த பிறகே வண்டிகள் பல நிறங்களில் மலிவாகக் கிடைக்கலாயின. நம் ஊர்த் தச்சர்கள் இன்றைக்கும் பீரோவுக்கு 'டூக்கோ' அடிப்பதாகச் சொல்கிறார்களே, அந்தப் பெயரின் பூர்வீகம் இதுதான்.

இன்றைய வண்டியில் ஒரு பூச்சு அன்று, பல பூச்சுகள் இருக்கின்றன. இரும்புத் தகட்டின் மேல் துருப் பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு. இதற்காக உடல் முழுவதையும் தொட்டியில் முக்கி மின்சாரம் செலுத்துகிறார்கள். அதன் மேல் சமன்படுத்தும் பூச்சு, அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற நிறமற்ற பூச்சு. இந்தக் கடைசிப் பூச்சுத்தான் பளபளப்பைக் கொடுப்பது. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரைத் தடுத்து நிறம் வெளுக்காமல் காப்பதும் அதுதான். ஆக, கவசம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் மிக மெல்லிய கவசம். எல்லாப் பூச்சும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான். நிறமற்ற மேற்பூச்சு மட்டும் 40, 50 மைக்ரான். தலைமயிர் ஒன்றின் கனத்தைவிடக் குறைவு.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகும் தீர்மானத்துக்கு வர முடியவில்லை. நம்மிடம் முன்பு படித்து, இப்பொழுது சாயப் பட்டறை ஒன்றில் மாஸ்டராக இருக்கும் பிள்ளையாண்டான் வீட்டுக்கு வந்தான். பூச்சும் சாயமும் அவனுக்குப் பிழைப்பு அல்லவா? அவனிடம் கேட்டோம்.

"சார், பனியன் துணிக்கு நாங்க ஃபினிஷிங் போடறாப்பலதானுங்க இதுவும். எதுக்குப் போடறோம்னு மொதல்ல தெரியோணுமுங்க. தண்ணி ஒட்டாம இருக்கப் போட்ட ஃபினிஷிங், துணி கிழியாம இருக்க உதவாதுங்களே!" என்றான்.

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. வண்டியின் வர்ணத்துக்கு எதிரிகள் யார் என்று பார்த்து, அதற்கேற்ற கவசத்தைத் தேட வேண்டும்.

முதல் எதிரி கல். பல்லடம் பக்கத்திலுள்ள கல் உடைக்கும் ஆலைகளிலிருந்து ஜல்லியும் மணலும் ஏற்றிக்கொண்டு லாரிகள் ஓடுவதைக் காணாத திருப்பூர்வாசி இல்லை. அந்த லாரியின் பின்னால் போகிறவனுடைய வண்டியின் நெற்றியில் பொட்டுப் பொட்டாக வர்ணம் உதிரும். இதைத் தடுக்கச் செராமிக் பூச்சினால் ஆகாது. அது ஒன்றிரண்டு மைக்ரான் கனமுள்ள சமாசாரம். '9 ஹெச்' என்பதும் பென்சிலின் அளவு. படம் வரைகிற பென்சில்களைக் கொண்டு கீறிப் பார்க்கும் ஒரு பரிசோதனையின் பெயர். தெருப் புழுதியிலுள்ள மணல் பென்சிலைவிட எவ்வளவோ கடினமானது. கல்லுக்கு ஈடு கொடுக்கக் கூடியது படலம் ஒன்றுதான். ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கைகளை மணல் அரிக்காமல் காப்பதற்கு உபயோகித்த பாலியூரிதேன் நாடாவின் வழித்தோன்றல் அது. 150, 200 மைக்ரான் கனம் இருப்பதால் அடியைத் தாங்குகிறது. நல்ல ரகமானால், சிறு கீறல்கள் வெயிற் சூட்டில் தாமாகவே மறைந்துவிடும்.

இரண்டாவது எதிரி பறவை எச்சம், மரத்துப் பிசின் முதலியவை. எச்சத்தில் அமிலம் உண்டு. பங்குனி வெயிலில் அரை நாள் காய்ந்தால் மேற்பூச்சில் தழும்பு விழும். இங்கே செராமிக் பூச்சு ஓரளவு உதவி செய்யும். அழுக்கு எளிதில் ஒட்டாது, துடைப்பதற்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். ஆனால் துடைக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது எதிரியைப் பற்றிச் சொல்லும்போதுதான் அந்தப் பிள்ளையாண்டான் சிறிது தயங்கினான்.

"தண்ணிங்க சார். நம்ம ஊர் ஆழ்குழாய்த் தண்ணி. அதுல கழுவிட்டு வெயில்ல விட்டீங்கன்னா, வெள்ளை வெள்ளையாப் புள்ளி விழுமுங்க. செராமிக் போட்ட வண்டில தண்ணி முத்து முத்தா நிக்கும். பார்க்க அழகா இருக்கும். அந்த முத்து அப்படியே காஞ்சா, உப்பும் சுண்ணாம்பும் ஒரே எடத்துல தங்கீருமுங்க."

அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரியும். பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பு வேண்டும். ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ வரையிற்கூடச் செலவாகும். சாயம் துணியில் தங்கும், உப்பு தங்காது, தண்ணீரோடு போய்விடும். வெள்ளியங்கிரி மலையிலிருந்து வரும் நொய்யல் ஆற்றில் அது வருஷக் கணக்காகக் கலந்தது. 1992-இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, கழிவு நீரின் தேக்கமாயிற்று. குடியானவர்களே "அந்தத் தண்ணீரை எங்கள் வயலுக்குத் திறக்காதீர்கள்" என்று மன்றாடும் விபரீதம் நடந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. அதற்குப் பின் கழிவு நீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல், தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மறுபடியும் உபயோகிக்கும் முறைகளுடனேயே பட்டறைகள் திறந்தன. மெச்சத் தகுந்த காரியந்தான். ஆயினும் மண்ணுக்குள் முன்பே இறங்கிய உப்பு உத்தரவுக்குக் கட்டுப்பட்டு மேலே வந்துவிடுமா?

"வண்டிக்குப் பூச்சுப் போட்டுக்கலாமுங்க சார். தோட்டத்துக் கெணத்துக்கு எதைப் போடறதுங்க?" என்றான் அவன். அவனுடைய தகப்பனார் நொய்யல் கரையில் தென்னை வைத்திருந்தவர். நாம் பதில் சொல்லவில்லை.

இப்பொழுது தீர்மானத்துக்கு வருவோம். தினந்தோறும் நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஓடுகிறவர்கள், வண்டி முழுவதற்கும் இல்லாவிட்டாலும், முன் முகப்புக்கும் கதவு விளிம்புகளுக்கும் மட்டும் படலம் ஒட்டிக்கொள்வது வீண் செலவு ஆகாது. கொட்டகை இல்லாமல் மரத்தடியில் வண்டியை நிறுத்துகிறவர்கள், கழுவ நல்ல தண்ணீர் இருந்தால், செராமிக் பூச்சைப் பற்றி யோசிக்கலாம். அதையும் விற்பனைக் கூடத்தில் அவசரத்தில் போடாமல், வெளியில் இரண்டு மூன்று இடங்களில் விலையும் உத்தரவாதத்தின் நிபந்தனைகளும் விசாரித்த பிறகு போடுவது உத்தமம். நமக்கோ பள்ளிக்கூடம் இரண்டு மைல். வீட்டில் ஓட்டுக் கொட்டகை இருக்கிறது. மூன்றுமே வேண்டாம் என்று தீர்மானித்தோம். இருபத்தெட்டாயிரம் கல்லூரி விடுதிக்கே போயிற்று.

அதற்குப் பதிலாக நாம் செய்வது இது. ஆழ்குழாய்த் தண்ணீரை வண்டியின் மேல் விடுவதில்லை. குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரில் வாரத்துக்கு இரண்டே வாளி. ஒன்று நுரைக்கு, மற்றொன்று துணியை அலசுவதற்கு. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரில் வண்டி கழுவுவது சிக்கனம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது உப்பெல்லாம் சேர்ந்த தண்ணீர். வண்டிக்கு ஆகவே ஆகாது. வெயில் ஏறுவதற்கு முன் நிழலில் கழுவி, ஈரம் காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும். இந்தியாவிலுள்ள பட்டறைகளுக்கெல்லாம் துடைக்கும் துணி அனுப்புகிற ஊர் நம்முடையது என்றாலும், பனியன் வேஸ்டை அப்படியே வர்ணத்தின் மேல் போடக்கூடாது. தையலும் அதில் ஒட்டிய தூசியும் கீறிவிடும். மிருதுவான மைக்ரோஃபைபர் துணியே நல்லது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மெழுகு. பிரேசில் தேசத்துக் கார்னோபா என்னும் பனை ஜாதி மரத்தின் இலையிலிருந்து எடுப்பது. ஒரு டப்பா சில நூறு ரூபாய்.

இப்படியெல்லாம் கண்ணும் கருத்துமாகக் காத்து வந்தோம். சென்ற வாரம் உழவர் சந்தை வாசலில் கத்தரிக்காய் வாங்கித் திரும்பிப் பார்த்தால், பின் கதவில் சாண் நீளத்துக்கு ஒரு கோடு. யாருடைய மிதிவண்டியோ, கூடையோ, தெரியவில்லை. நம் முகம் போன போக்கைக் கண்ட வீட்டு அம்மாள், காய்ப் பையை உள்ளே வைத்துக்கொண்டே சொன்னாள்:

"போச்சாதுங்க, விடுங்க. கீறல் விழுந்துட்டுது, இனிமே பயமில்லாம ஓட்டலாமுங்க. நாளைக்கு எங்க அம்மாவைப் போய்ப் பார்த்துட்டு வந்துரலாமுங்களா?"

போய் வந்தோம். வழியெல்லாம் ஜல்லி லாரிகள்தான்.