வாப்பா விட்டுச் சென்ற கார்



நாகர்கோவில், தக்கலை, திருவிதாங்கோடு, தேங்காய்ப்பட்டணம் எனக் குமரி மாவட்டத்தின் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், ஒரு காலத்தில் வசதி பெற்ற வீட்டின் அடையாளம் முற்றத்தில் நின்ற அம்பாசடர் கார்தான். வளைகுடாவிலிருந்து வரும் மகனை அழைத்துவர விடியுமுன்பே திருவனந்தபுரம் விமான நிலையத்திற்குப் புறப்பட்டதும், மேற்கூரையில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு திரும்பியதும், நிக்காஹ் முடிந்த மணமக்களை வீட்டில் கொண்டு சேர்த்ததும் அந்தக் காரே. அதை ஓட்டிய வாப்பா இன்று இல்லை. கார் மட்டும் தகரக் கூரையின் கீழே நிற்கிறது. அதன் அடியில் கறுத்த எண்ணெய்க் கறை படர்ந்திருக்கிறது. பழைய இரும்புக்குப் போடுவதா, பழுது பார்த்து ஓட்டுவதா என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. உங்கள் வீட்டிலும் அப்படியொரு கார் நின்றால், இந்த மாதப் பக்கம் உங்களுக்கானது.

அமெரிக்கர்கள் 1964-இல் வெளிவந்த ஃபோர்டு மஸ்டாங், போண்டியாக் ஜி.டி.ஓ. போன்ற வேகக் கார்களைப் பெரும் பொருள் செலவிட்டுப் புதுப்பிக்கிறார்கள். நம் நாட்டு மக்களின் மனத்தில் அந்த இடத்தைப் பெற்றது அம்பாசடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1957 முதல் இது உருவானது. 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது. ஆயினும் இதன் அமைப்பு எளிமையானது. கைதேர்ந்த மெக்கானிக்கும் அருகில் ஒரு லேத் பட்டறையும் இருந்தால், பெரும்பாலான பழுதுகளைத் தீர்த்துவிடலாம். பழைய உதிரி பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டை பெயர் பெற்றது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

ஸ்பானரைக் கையில் எடுக்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ளுங்கள். இந்தக் கார் யாருடையது? "மூத்தவன்தானே ஓட்டுவான், அவனுக்கே இருக்கட்டும்" என்று பல வீடுகளில் பேச்சோடு முடித்துவிடுகிறார்கள். மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. வாப்பா விட்டுச் சென்ற வீடும் நிலமும் போலவே காரும் வாரிசுச் சொத்து. அவருடைய கடன்களைத் தீர்த்து, வஸிய்யத் இருப்பின் அதையும் நிறைவேற்றிய பின்னர், எஞ்சியதில் உம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு உண்டு. கட்டிக் கொடுத்த சகோதரிகளுக்கும் பங்கு உண்டு. சகோதரி வாய் திறந்து கேட்கவில்லை என்பதால் அவளுடைய உரிமை இல்லாமல் போய்விடாது.

ஆகவே, கார் இன்றுள்ள நிலையில் என்ன விலை பெறும் என்று விவரமறிந்த இருவரிடம் மதிப்புக் கேளுங்கள். எடுத்துக்கொள்பவர் மற்றவர்களின் பங்கைக் கொடுத்துவிடட்டும். அல்லது அனைவரும் மனமொப்பி விட்டுக் கொடுக்கட்டும். பழுதுச் செலவைக் கூட்டாகச் செய்வதாயின், யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை எழுதி வையுங்கள். கடனை எழுதி வைக்கும்படி கட்டளையிடும் அல்பகறா அத்தியாயத்தின் 282-ஆம் வசனமே திருமறையின் மிக நீண்ட வசனம். உடன்பிறந்தவர்களுக்குள் எழுத்து எதற்கு என்று எண்ண வேண்டாம். எழுதாமல் விட்டதாலேயே பிரிந்த உடன்பிறப்புகள் எத்தனையோ பேர்.

அரசாங்க ஏட்டிலும் பெயர் மாற வேண்டும். உரிமையாளர் இறந்தால் முப்பது நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31 கொடுத்து மாற்றிக்கொள்வதே சட்டம். பதினைந்து ஆண்டுகள் கடந்த காருக்குத் தகுதிச் சோதனையும் பதிவுப் புதுப்பிப்பும் தேவை. அதற்கான கட்டணத்தை முன்கூட்டியே கேட்டறிந்து, செலவுக் கணக்கில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

எதற்கு முதலில் செலவு?

கையில் இருக்கும் பணம் குறைவென்றால், செலவின் வரிசையே முக்கியம். பலர் பளபளக்கும் பெயிண்டில் தொடங்கி, பிரேக்குக்கு வரும்போது கையைப் பிசைகிறார்கள். பிரேக்கே முதலிடம் பெற வேண்டும். பழைய மாடல்களில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் ஆயில் ஒரே வழியில் செல்வதால், ஓரிடத்தில் ஒழுகினாலும் எல்லாச் சக்கரங்களும் பிடியை இழக்கும். சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம். அடுத்து ஸ்டீயரிங், டயர், மின்கம்பிகள். அதற்கடுத்துத் துரு. இருபருவ மழையும் கடற்காற்றும் சேர்ந்த நம் மாவட்டத்தில், கதவுகளின் கீழ்ப்பகுதியும் தரைத்தகடும் முதலில் அரிக்கும். துருவின் மேல் பட்டி பூசி மறைப்பது வீண் செலவு. அரித்த தகட்டை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதே நிலைக்கும். பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கடைசி.

இனி எண்ணெய் ஒழுகலுக்கு வருவோம். ஒழுகும் இடம் வேறு, சொட்டும் இடம் வேறு. எண்ணெய் கீழ்நோக்கி வழியும்; ஓடும்போது காற்றால் பின்னோக்கியும் தள்ளப்படும். எனவே இன்ஜினை முதலில் நன்றாகக் கழுவி உலர விடுங்கள். பிள்ளைகளுக்குப் பூசும் முகப் பவுடரை அதன் பக்கங்களில் தூவி, சிறிது நேரம் ஓட்டி நிறுத்துங்கள். எண்ணெய் கசியும் இடம் வெண்மையில் கறுப்புக் கோடாகத் தெரியும். மேலிருந்து கீழாகத் தேடுங்கள். ராக்கர் கவர், பக்கவாட்டு டேப்பெட் கவர்கள், முன்புற டைமிங் கவர் சீல், கடைசியில் சம்ப் என்பதே வரிசை. முதல் இரண்டில் கார்க் கேஸ்கெட் மாற்றினாலே பாதிக் கவலை தீரும். அதற்குச் செலவும் சொற்பம். கார்க்கை மிகவும் இறுக்கினால் நசுங்கிப் பிளந்து முன்னிலும் அதிகமாக ஒழுகும் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்ஜினுக்குள் உண்டாகும் ஆவி வெளியேறும் குழாய் அடைத்திருந்தால், உள்ளே அழுத்தம் மிகுந்து எல்லா இடுக்குகளிலும் எண்ணெய் பிதுங்கும். காசு செலவழிக்குமுன் அந்தக் குழாயைச் சுத்தம் செய்து பாருங்கள். பழைய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும் திருகுப் பள்ளமே அங்குண்டு. நிறுத்திய பின் அங்கிருந்து ஓரிரு சொட்டு விழுவது அதன் இயல்பு. அதற்காக இன்ஜினையே இறக்கிப் பெருஞ்செலவு செய்ய வேண்டியதில்லை. மாறாக, எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்துள்ளது என்று பொருள். ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்காமல் ஓட்டக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுப்பதும், சூடான ரேடியேட்டர் மூடியைத் திறப்பதும் உயிருக்கு ஆபத்து.

வடித்த பழைய எண்ணெயை ஓடையில் ஊற்றாதீர்கள். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர் கால்வாய்களின் வழியே நம் வயல்களுக்கு வருகிறது. அண்டை வீட்டாருக்குத் தீங்கு செய்யாதிருப்பது ஈமானோடு சேர்ந்தது. எண்ணெயை டின்னில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

விற்பதானால்...

கணக்குப் பார்த்து, கட்டுப்படியாகாது என்று தோன்றினால் விற்றுவிடுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை. வட்டிக்கு வாங்கியாவது வாப்பாவின் காரைப் பளபளக்கச் செய்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆனால், விற்கும் நாளன்று இன்ஜினைக் கழுவித் துடைத்து, கெட்டியான எண்ணெயை ஊற்றி, ஒழுகலை இரண்டு நாள் மறைக்கும் வழக்கம் சந்தையில் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த வரலாறு நாம் அறிந்ததே. மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். கழுவி மறைத்த இன்ஜினும் அந்த ஈரத் தானியமும் ஒன்றுதான். எங்கே ஒழுகுகிறது, எங்கே துரு இருக்கிறது என்பதை வாங்குபவரிடம் நீங்களே சொல்லுங்கள். விலை சிறிது குறையலாம், பரக்கத் குறையாது.

பழுது பார்த்து வைத்துக் கொண்டாலும், சொல்லி விற்றாலும், உம்மாவும் சகோதரிகளும் மனநிறைவோடு இருக்க வேண்டும். பங்கில் நேர்மை காத்த பிள்ளைகளின் துஆ வாப்பாவைச் சென்றடையும், இன்ஷா அல்லாஹ்.