எருமையோடு போன உரிமை

1868ஆம் ஆண்டு லாரமிக் கோட்டை உடன்படிக்கையின் 11ஆம் உறுப்புரையைச் சட்டம் பயின்றோர் ஒருமுறையேனும் படித்தல் நன்று. ஒதுக்கிய நிலத்துக்கு வெளியே வேட்டையாடும் உரிமை சூ இனக் குடிகளுக்கு உண்டாம். ஆனால், வேட்டைக்குப் போதிய காட்டெருமைகள் அங்கே திரியும் வரைக்குமே! மந்தை ஒழிந்தால் உரிமையும் ஒழியும் என்பதன்றி இதற்கு வேறு பொருள் நாம் காணோம்.

தோலுக்காகச் சுட்டு, இறைச்சியை வெளியில் அழுகவிட்டனர். 1874இல் காங்கிரஸ் நிறைவேற்றிய காப்புச் சட்டமூலத்துக்குச் சனாதிபதி கிராண்ட் ஒப்பமிடவில்லை. கோடிக்கணக்கில் மேய்ந்த இனம் 1889இல் ஏறக்குறைய ஆயிரமாயிற்று. உழவுமாட்டை இழந்த கமக்காரருக்கு இதனை நாம் விளக்கவும் வேண்டுமோ?

அதே உடன்படிக்கை உறுதிசெய்த கருங்குன்றுகளும் 1877இல் பறிபோயின. அதற்குப் பத்துக் கோடி டொலருக்கு மேல் இழப்பீடென 1980இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. சூ மக்களோ, நிலமே வேண்டுமென்று அப்பணத்தை இன்றுவரை தொடவில்லை.