கப்பல் காத்திருக்குமா?

அருப்புக்கோட்டைக்காரர் கடலைப் பார்க்க வேண்டுமானால் தூத்துக்குடிக்கோ ராமநாதபுரம் கரைக்கோ போக வேண்டும். திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் தண்ணீர் என்றால் வானத்தைத்தான் பார்ப்பார்கள். ஆனாலும் இந்த வட்டாரத்துக்குக் கப்பல் புதிதல்ல. பழைய ராமநாதபுரம் ஜில்லாவின் வறண்ட கிராமங்களில் இருந்து இலங்கைத் தோட்டங்களுக்கும், பர்மாவுக்கும், மலேயாவுக்கும் கப்பல் ஏறிப் போனவர்கள் ஏராளம். மழை பொய்த்தது, வயிறு காய்ந்தது, கப்பல் ஏறினார்கள்.

இன்று பேரன் பேத்திகளின் காலம். கப்பல் ஏறுவதற்கு இப்போது வேறு காரணமும் வந்திருக்கிறது. அதுதான் உல்லாசப் பயணம்!

சென்னைத் துறைமுகத்தில் இருந்து ‘எம்பிரஸ்’ என்ற சொகுசுக் கப்பலின் பயணத்தை 2022-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி முதல்-மந்திரி மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 11 தளங்கள் கொண்ட கப்பல் அது. மறு ஆண்டு ஜூன் மாதம் சென்னையில் சுமார் 17 கோடி ரூபாய் செலவில் பயணிகள் முனையம் திறக்கப்பட்டது. அதே சமயத்தில் அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்கும் அந்தக் கப்பல் புறப்பட்டது. பாட்டன் பிழைப்புத் தேடிப் போன தீவுக்குப் பேரன் பொழுதுபோக்கப் போகலாம் என்ற நிலை வந்தது.

பணம் சேர்த்து, பாஸ்போர்ட் எடுத்து, பெட்டி கட்டியாகி விட்டது. இனி ஒரு கேள்விதான் பாக்கி. கப்பல் நிற்கும் இடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியுமா?

ஒரு நாள் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். கப்பல் மாலை 5 மணிக்குப் புறப்படுகிறது; பயணிகளை ஏற்றுவது 3½ மணியோடு முடிகிறது என்று வைத்துக் கொள்வோம்.

காலை 7 மணிக்கு அருப்புக்கோட்டையில் காரில் ஏறுகிறார்கள். காரியாபட்டி வழியாக 8½ மணிக்குள் மதுரை விமான நிலையம். விமானம் 10½ மணிக்கு. சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரம். பெட்டிகளை எடுத்துக் கொண்டு வெளியே வர 12½ மணி ஆகும். மீனம்பாக்கத்தில் இருந்து துறைமுகம் போக ஒரு மணி நேரம். ஆக 1½ மணிக்குக் கப்பல் வாசலில் நிற்கலாம். கையிருப்பு இரண்டு மணி நேரம். காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

இப்போது அறிவிப்பு வருகிறது: “விமானம் ஒரு மணி நேரம் தாமதம்.” பரவாயில்லை, காப்பி சாப்பிடலாம். 11 மணிக்கு மறுபடியும் அறிவிப்பு: “மேலும் 45 நிமிடம் தாமதம்.” அப்புறம், “விமானம் இன்னும் வந்து சேரவில்லை.” கையிருப்பு கரைந்து விட்டது. “நேற்றே ரெயிலில் போயிருக்கலாம் என்று தலைபாடாக அடித்துக் கொண்டேனே, கேட்டீர்களா?” என்று வீட்டுக்கார அம்மாள் கேட்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

தாமதம் எப்போதும் தவணை முறையில்தான் வருகிறது. ஆனால் மொத்தம் நாலு மணி நேரம் தாமதம் என்று காலை 9 மணிக்கே தெரிந்தால் மட்டும் என்ன செய்ய முடியும்? மதுரையில் இருந்து சென்னைக்குச் சாலை வழியில் 450 கிலோ மீட்டருக்கு மேல். பறந்து போனாலும் கார் மாலையில்தான் சேரும். பகல் ரெயிலும் பயன்படாது. கப்பல் புறப்படும் அன்று காலை 9 மணி ஆகி விட்டால், தென் பாண்டிச் சீமைக்காரனுக்கு ஆகாயம் ஒன்றுதான் வழி. அந்த ஒரு வழியும் அடைத்துக் கொண்டால் இரண்டாவது வழி கிடையாது. பெங்களூரில் இருப்பவருக்குக்கூட அடுத்தடுத்து விமானங்கள் உண்டு. சின்ன ஊர்க்காரனுக்குத்தான் இந்தக் கஷ்டம் கூடுதல்.

தாமதம் எங்கே பிறக்கிறது?

மதுரையில் வெயில் பளிச்சென்று அடிக்கும்போது விமானம் ஏன் வரவில்லை என்று பலர் கோபப்படுகிறார்கள். டவுன் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். ஒரே பஸ்தான் காலை முதல் இரவு வரை போய்ப் போய் வருகிறது. முதல் நடையில் டயர் பஞ்சரானால் சாயங்கால நடை வரைக்கும் தாமதம் தொடரும். விமானமும் அப்படித்தான். மதுரைக்கு வர வேண்டிய விமானம் அதற்கு முன்னால் சென்னையிலும், அதற்கும் முன்னால் வேறு ஓர் ஊரிலும் இருந்திருக்கும். விடியற்காலையில் அந்த ஊரில் விழுந்த மூடுபனி, மதியம் மதுரையில் வந்து நிற்கும்.

சென்னைக்கென்று தனித் தொல்லைகளும் உண்டு. 2018-ம் ஆண்டு போகிப் பண்டிகையன்று பழைய சாமான்களை எரித்த புகை விமான நிலையத்தை மூடிக்கொண்டது. இறங்க வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாள் மூடப்பட்டது. 2023 டிசம்பரில் ‘மிச்சாங்’ புயல், 2024 நவம்பர் கடைசியில் ‘பெஞ்சல்’ புயல். இரண்டு தடவையும் விமானங்கள் நின்றன.

இயற்கையை விட்டு விடுவோம். 2025 டிசம்பர் மாதம் நடந்தது மனிதர் செய்தது. விமானிகளுக்கு வாரத்தில் 36 மணிக்குப் பதிலாக 48 மணி நேரம் தொடர்ந்து ஓய்வு தர வேண்டும், இரவில் விமானத்தைத் தரை இறக்குவதைக் குறைக்க வேண்டும் என்ற புதிய விதிகள் அதற்கு முந்திய மாதம் முழுமையாக அமலுக்கு வந்தன. நாட்டின் மிகப் பெரிய விமானக் கம்பெனியான ‘இண்டிகோ’ அதற்கு ஏற்றபடி ஆட்களைத் தயார் செய்து வைக்கவில்லை. டிசம்பர் 5-ந் தேதி ஒரு நாளில் மட்டும் 1,000-க்கு மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. விதியில் குற்றம் இல்லை. தூக்கம் இல்லாத விமானி ஓட்டும் விமானத்தில் யார் ஏறுவார்கள்? விதி வரப்போவது முன்கூட்டியே தெரிந்திருந்தும் திட்டமிடாததுதான் குற்றம். கல்யாணத்துக்குப் போனவர்களும், ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும், வேலைக்குப் போனவர்களும் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள்.

கப்பல் ஏன் நிற்காது?

ஆயிரக்கணக்கான பேர் பயணம் செய்யும் கப்பல் நாலு பேருக்காக அரை மணி நேரம் நிற்கக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். கப்பல் காப்டனின் கஷ்டத்தையும் பார்க்க வேண்டும்.

பெரிய கப்பல் தன் இஷ்டத்துக்குத் துறைமுகத்தை விட்டுக் கிளம்ப முடியாது. வழிகாட்டுவதற்குத் துறைமுக மாலுமி ஏற வேண்டும். இழுவைப் படகுகள் வேண்டும். இவற்றுக்கெல்லாம் நேரம் குறித்தாகி விட்டது. பயணிகளின் பட்டியலைக் குடியேற்ற அதிகாரிகளிடமும் சுங்க அதிகாரிகளிடமும் கொடுத்தாக வேண்டும். அடுத்த துறைமுகத்திலும் இடம் பிடித்து வைத்திருப்பார்கள். இழந்த நேரத்தைக் கடலில் ஓடிப் பிடிக்கலாம் என்றால் எண்ணெய்ச் செலவு எகிறும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலே எண்ணெய் வெகுவாகக் கூடுதலாகக் குடிக்கும்.

இதில் ஒரு விசேஷம் கவனிக்கத் தக்கது. 2024 மார்ச் மாதம் ‘நார்வீஜியன் டான்’ என்ற கப்பல் ஆப்பிரிக்காவை ஒட்டிய சாவ் டோமே தீவில் நின்றது. ஊர் சுற்றப் போன 8 பயணிகள் நேரத்துக்குத் திரும்பவில்லை. கப்பல் கண்ணுக்கு எதிரே நங்கூரம் பாய்ச்சி நின்றும் அவர்களை ஏற்றவில்லை. அவர்கள் சொந்தச் செலவில் நாடு நாடாகச் சுற்றி, செனகல் நாட்டில் கப்பலைப் பிடித்தார்கள். அவர்கள் போனது தாங்களாகவே ஏற்பாடு செய்த சுற்றுலா. கப்பல் கம்பெனியே நடத்தும் சுற்றுலாவில் போயிருந்தால் கதை வேறு. அந்தப் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும் என்பது இந்தத் தொழிலில் வழக்கம்.

அதாவது, யார் கொடுத்த டிக்கெட்டில் வந்தாய் என்பதைப் பார்த்துத்தான் கப்பல் காத்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நமது விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பயணிகளுக்குச் சில உரிமைகளைக் கொடுத்திருக்கிறது. குறுகிய தூர விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடும் சிற்றுண்டியும் தர வேண்டும். ஆறு மணி நேரத்தைத் தாண்டும் என்றால், மாற்று விமானம் அல்லது முழுக் கட்டணம், எது வேண்டும் என்று பயணியைக் கேட்க வேண்டும். தகுந்த முன்னறிவிப்பு இல்லாமல் விமானத்தை ரத்து செய்தால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து ரூ.5,000 முதல் ரூ.10,000 வரை நஷ்ட ஈடு உண்டு. ஆனால் டிக்கெட் கட்டணம் அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த அளவுதான். புயல், மூடுபனி போன்ற காரணம் என்றால் நஷ்ட ஈடும் இல்லை.

கப்பல் அறைக்குக் கட்டிய பணம்? அதைப் பற்றி இந்த விதிகளில் பேச்சே இல்லை. விமானக் கம்பெனி, “எங்கள் பொறுப்பு சென்னை வரைக்கும்தான்” என்கும். கப்பல் கம்பெனி, “வாசலுக்கு வருவது உங்கள் பாடு” என்கும். இரண்டு டிக்கெட்டுக்கும் நடுவே இருக்கிற பள்ளத்தில் விழுகிறவர் பயணி.

இந்தப் பள்ளத்தைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட்டு ஒரு நல்ல தீர்ப்புச் சொல்லி இருக்கிறது. 2016-ம் ஆண்டு ஒரு குடும்பம் ரெயிலில் ஜம்முவுக்குப் போய், அங்கிருந்து விமானத்தில் ஸ்ரீநகர் போகத் திட்டமிட்டிருந்தது. ரெயில் நாலு மணி நேரம் தாமதம். விமானம் போய் விட்டது. வாடகைக் காரில் ஸ்ரீநகர் போனார்கள். வழக்குப் போட்டார்கள். 2021 செப்டம்பரில், ரெயில்வே ரூ.30,000 கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பைச் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. தாமதத்துக்குத் தன் சக்திக்கு மீறிய காரணம் இருந்தது என்று ரெயில்வேதான் நிரூபிக்க வேண்டும், நிரூபிக்காவிட்டால் பொறுப்பேற்க வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

தீர்ப்பு பெரிது, தொகை சிறிது. அதற்கும் ஐந்து வருஷம் நடக்க வேண்டி இருந்தது. உல்லாசப் பயணம் போகிற எல்லோராலும் கோர்ட்டுப் பயணமும் போக முடியுமா?

போட் மெயில் காட்டிய வழி

இதற்கு ஒரு விடை நம் பக்கத்திலேயே இருந்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தது. சென்னையில் டிக்கெட் வாங்கினால் கொழும்பு வரை அதே டிக்கெட். தனுஷ்கோடி வரை ரெயில். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். பிறகு மீண்டும் ரெயில். ‘இர்வின்’, ‘கோஷன்’ என்ற அந்தக் கப்பல்களை ஓட்டியது ரெயிலை ஓட்டிய அதே தென்னிந்திய ரெயில்வேதான். அந்த ரெயிலுக்காகவே ஓடிய கப்பல். ரெயில் பயணிகளை விட்டுவிட்டுப் போவதில் அதற்கு வேலை இல்லை. தாமதம் வந்தால் அது கம்பெனியின் கவலை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. தனுஷ்கோடி வழியாகப் போன அந்தப் பயணத்துக்கும் அன்றோடு முடிவு வந்தது.

தோட்டக் கூலியாகப் போனவர்களின் வாழ்க்கை சுகமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. மண்டபம் முகாமில் அவர்கள் தடுத்து வைக்கப்பட்டதும், தோட்டத்தில் பட்ட பாடும் தனிக் கதை. ஆனால் இரண்டு வாகனத்துக்கு ஒரே டிக்கெட் என்ற ஏற்பாடு நல்ல ஏற்பாடு.

இன்றும் அந்த ஏற்பாடு ஒருவருக்கு உண்டு. உல்லாசக் கப்பலில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையனுக்குத்தான்! அவன் கப்பலில் சேர வெளிநாடு போகும்போது விமான டிக்கெட் வாங்கித் தருவது பெரும்பாலும் கம்பெனி. விமானம் தாமதமானால் துறைமுகத்தில் இருக்கிற கம்பெனி ஏஜெண்டு பார்த்துக் கொள்வார். சம்பளம் வாங்குகிறவனுக்கு உள்ள பாதுகாப்பு, பணம் கட்டுகிறவருக்கு இல்லை.

ஐரோப்பாவில் 2018 முதல் அமலில் உள்ள சட்டப்படி, விமானத்தையும் கப்பலையும் ஒருவரே சேர்த்து விற்றால், முழுப் பயணத்துக்கும் விற்றவரே பொறுப்பு. நமது மத்திய அரசாங்கம் 2024 செப்டம்பரில் ‘குரூஸ் பாரத்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, 2029-க்குள் கப்பல் பயணிகளின் தொகையை இரண்டு மடங்காக்கப் போவதாகச் சொல்லி இருக்கிறது. நல்லது. முனையம் கட்டுவதோடு இப்படி ஒரு சட்டமும் கொண்டு வர வேண்டும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் மட்டும் ஏறினால் கப்பல் நிறையாது. அருப்புக்கோட்டைக்காரரும் ஏற வேண்டும்.

அதுவரை என்ன செய்வது?

முதல் நாளே போய்ச் சேருவதுதான் வழி. அருப்புக்கோட்டை வழியாகவே வாரத்தில் சில நாட்கள் சிலம்பு எக்ஸ்பிரஸ் சென்னைக்குப் போகிறது. மற்ற நாட்களில் மதுரைக்குப் போனால் இரவு ரெயில்கள் உண்டு. இரவுப் பஸ்களும் உண்டு. விமானத்தில்தான் போக வேண்டும் என்றால் முந்திய நாள் விமானத்தில் போகலாம். ஒரு இரவு லாட்ஜ் வாடகை, கப்பல் அறை வாடகைக்கு முன் பெரிய தொகை அல்ல.

பயண இன்சூரன்ஸ் எடுப்பவர்கள், விமானத் தாமதத்தால் கப்பலைத் தவற விட்டால் பணம் வருமா, எத்தனை மணி நேரத் தாமதத்துக்கு வரும் என்பதைப் பணம் கட்டும் முன் கேட்டு எழுத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும். கப்பல் கம்பெனியே விமான டிக்கெட்டும் சேர்த்துக் கொடுத்தால், விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் யோசிக்கலாம். தாமதம் ஏற்பட்டால் அதன் காரணத்தை விமானக் கம்பெனியிடம் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் அந்தக் காகிதம்தான் சாட்சி.

கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பது நம் பழமொழி. கப்பல் கவிழாமல், சங்கு ஊதிக் கொண்டு சுகமாகப் போய்க் கொண்டிருக்கும்போதே மதுரை விமான நிலையத்தில் ஒரு குடும்பம் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கலாம். சட்டம் வருகிற வரையில், அந்த நிலைமை வராமல் பார்த்துக் கொள்ள வேண்டியவர் டிக்கெட் வாங்குகிறவர்தான்.