குழாய் எதுவரை சென்றது?

பெருங்குடலினுள் குழாயிட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி பரிசோதனை முடிந்து, "ஒன்றுமில்லை" என மருத்துவர் சொல்லக் கேட்பவரின் நிம்மதியை நாம் அறிவோம். பட்டினியும் பேதி மருந்துமாக முந்தைய நாளைக் கழித்தவருக்கு அச்சொல் அமுதம். ஆயினும், குடலில் ஒன்றும் இல்லையா, அல்லது மருத்துவரின் கண்ணில் படவில்லையா?

இக்கேள்வியை இங்கிலாந்து மருத்துவர்கள் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டனர். அந்நாட்டின் மூன்று வட்டாரங்களில் நான்கு மாதங்களில் நடந்த 9,223 பரிசோதனைகளை ஆராய்ந்து, 2004-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். குழாய் பெருங்குடலின் மறுகோடியை எட்டியதாக எழுதப்பட்டவை நூற்றுக்கு 77. எட்டியதற்குத் திட்டவட்டமான அடையாளம் கேட்டபோதோ அது 57 ஆகச் சுருங்கிற்று! தம் முதல் நூறு பரிசோதனைகளைத் தேர்ந்தவரின் மேற்பார்வையில் செய்து பழகிய மருத்துவர்கள் நூற்றுக்கு 17 பேரே. பாதி வழியில் குழாய் திரும்பிவிட, அப்பால் இருக்கும் கட்டியோடு வீடு திரும்பும் நோயாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இம்முடிவை அவர்கள் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. பயிற்சி நிலையங்கள் எழுந்தன. ஒவ்வொரு பரிசோதனைக் கூடமும் தன் பணியைத் தானே மதிப்பிட்டுக் காட்டும் முறை வந்தது. 2011-இல் நாடு முழுவதும் 20,085 பரிசோதனைகளை மீண்டும் கணக்கெடுத்தபோது, நூற்றுக்கு 92 மறுகோடியை எட்டியிருந்தன. கணக்குக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகும் என்போருக்கு இதைவிட நல்ல விடை உண்டோ?

எட்டினால் மட்டும் போதாது. குடற்சுவரை நுணுகிப் பார்ப்பது பெரும்பாலும் குழாயை வெளியே இழுக்கும்போதுதான். அமெரிக்காவின் ராக்ஃபோர்டு நகரில் 12 மருத்துவர்களை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவின்படி, சராசரியாக ஆறு நிமிடங்களேனும் எடுத்துக்கொண்டு இழுத்தவர்கள், பின்னாளில் புற்றாக மாறக்கூடிய சதைமுளைகளை நூற்றுக்கு 28 பேரிடம் கண்டனர். அவசரக்காரர்கள் கண்டதோ 12 பேரிடம்.

ஆகவே பரிசோதனை அறிக்கையைப் பெறும்போது, குழாய் மறுகோடியை எட்டியதா, அதற்குப் படம் உண்டா, குடல் தூய்மையாக இருந்ததா எனத் தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபிக்கமாட்டார். தூய்மையில் மட்டும் மருத்துவரைக் குறைகூறுமுன் சற்று நிதானிக்கவேண்டும். பேதி மருந்தின் ஒரு பாதியை முன்தினம் மாலையிலும், மறுபாதியைப் பரிசோதனையன்று அதிகாலையிலும் குடிக்கச் சொல்வது இப்போதைய வழக்கம். உவர்ப்பு தாளாமல் அம்மறுபாதியை வீட்டார் காணாதபடி முற்றத்தில் கொட்டிவிடுவோர் நம்மிடையே இல்லாமலில்லை!