பச்சை என்றொரு சோம்பேறிச் சொல்

ஆனைமலைப் பக்கம் போய்வந்தவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நம் சிற்றிதழ் வட்டத்து நண்பர்கள், தேர்ந்த வாசகர்கள். ஆனாலும் முதல் பத்தியில் ‘கண்ணுக்கெட்டிய தூரம்வரை பச்சை’ வந்துவிடுகிறது. இரண்டாம் பத்தியில் மலை, மூன்றாம் பத்தியில் மனம் அடங்குதல். அந்த நிலத்தில் வேலை செய்கிற ஒருவரும் கட்டுரைக்குள் நுழைவதில்லை. இதை ரசனை என்று ஏற்க என்னால் முடியவில்லை. பார்க்காமலிருப்பதற்கு நாம் பழகிக்கொண்ட ஒரு வழி இது என்பதே என் தரப்பு.

அண்மையில் ஒரு வியாழக்கிழமை விடியலில் ஆனைமலையிலிருந்து வாய்க்கால் கரையோடு நடந்தேன். ஆழியாற்றின் பழைய ஆயக்கட்டுப் பகுதி அது; ஐந்து வாய்க்கால்களால் பாசனம் பெறும் 6,400 ஏக்கர். அணை வருவதற்கு நெடுங்காலம் முன்பே நெல் விளைந்த மண். இன்றும் சில வயல்களில் நெல் நிற்கிறது, சுற்றிலும் தென்னை. நெல்லுக்கு நாற்று நடவும் களையெடுக்கவும் அறுக்கவும் ஆள் வேண்டும். தென்னைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம். இந்த மாற்றத்துக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும் இது முதன்மையானது. நாம் நின்று வியக்கும் பச்சையில் ஒரு பகுதி, வயலில் ஆள் இல்லாமல் போனதால் வந்தது.

காலடியில் ஓடும் நீரையும் இயற்கையின் கொடை என்று எழுதிவிட முடியாது. ஆழியாறு மேற்கே ஓடிப் பாரதப்புழையில் சேர்கிற ஆறு. மேற்கே போன நீரை மறித்து, சுரங்கங்கள் வழியாகக் கொங்கு நாட்டின் வறண்ட சமவெளிக்குத் திருப்பிய பெருமுயற்சியே பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம். தமிழகமும் கேரளமும் 1970 மே 29 அன்று கையெழுத்திட்ட ஒப்பந்தம், 1958 நவம்பர் 9 முதல் செல்லும்படி எழுதப்பட்டது. மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்குத் தரப்பட வேண்டும். அதாவது அந்த வாய்க்காலின் சலசலப்புக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது, வழக்கு இருக்கிறது, முறை வைத்துக் காத்திருக்கும் கடைமடை இருக்கிறது. ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றதற்காக ஒரு பெண்ணைக் கொன்ற நன்னனின் பழி குறுந்தொகையில் பேசப்படுகிறது. ஊர் மரபு அந்தப் பெண்ணையே மாசாணியம்மனாக வணங்குகிறது. நீரும் நீரில் வருவதும் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைத் தெய்வமாக்கி வைத்திருக்கும் ஊரில் இறங்கி, அந்தக் கேள்வி காதில் விழாமல் நாம் திரும்புகிறோம்.

ஒரு தோப்போரம் நின்றிருந்தபோது பெரியவர் ஒருவர் வந்தார். “தோப்பு நல்லாப் பச்சையா இருக்குதுங்களே” என்றேன். “ரோட்டுல நின்னு பாத்தா அப்படித்தானுங்க தெரியும். உள்ள வாங்க” என்று அழைத்துப் போனார். உள்ளே கீற்றுகள் விலா எலும்புகளைப்போல உள்நோக்கி வளைந்து தொய்ந்திருந்தன. கேரளத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே காணப்பட்ட வேர்வாடல் நோய். பிடித்த மரத்தைக் குணப்படுத்த வழியில்லை. மோசமானதை வெட்டித்தான் ஆக வேண்டும். அடுத்த வரிசையில் மட்டைகளின்மேல் கரும்பூசணம் படர்ந்திருந்தது. ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ கசியவிடும் தேன்போன்ற திரவத்தில் வளர்வது அது. அந்த ஈ இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில்தான். சாலைக்கும் தோப்புக்கும் இடையே இருபது அடி தூரம் இருக்கும். நம் கட்டுரைகள் அந்த இருபது அடியைக் கடப்பதில்லை.

அங்கிருந்து பேருந்தில் பொள்ளாச்சி. வியாழக்கிழமை மாட்டுச் சந்தை கூடும் நாள். வாங்க வருகிறவர்களில் கேரள வியாபாரிகள் கணிசம். இருவர் கைகோத்து, மேலே துண்டைப் போர்த்தி, விரல்களைப் பிடித்தும் விட்டும் விலை பேசுகிறார்கள். அருகே மாட்டுக்காரர் தரகரின் முகத்தையே பார்த்தபடி நிற்கிறார். மாட்டை வளர்த்தவருக்கும் அதன் விலை துண்டுக்குள்தான் முடிவாகிறது.

தேங்காய்க்குத் துண்டு இல்லை. மற்றபடி நிலைமை அதிகம் மாறவில்லை. 2023இல் அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு குவிண்டாலுக்கு 10,860 ரூபாய் ஆதரவு விலை அறிவித்தது. சந்தை விலை அதற்கு வெகு கீழே கிடந்தது. 2025இல் ஆதரவு விலை 11,582 ரூபாய். சந்தை அதைத் தாண்டி எங்கோ போனது. உயர்வுக்கு முக்கியக் காரணம் காய்ப்புக் குறைந்தது. மரம் காய்த்தபோது விலையில்லை, விலை வந்தபோது காயில்லை. ஆதரவு விலையை நம்பாமல் மரத்தை வெட்டியவருக்கு அந்த உயர்வால் ஒன்றுமில்லை. இவ்வளவும் நடந்த ஆண்டுகளில் நாம் எழுதிய கட்டுரைகளில் பச்சையின் அடர்த்தி சிறிதும் குறையவில்லை.

‘அப்படியானால் அழகை ரசிப்பதே குற்றமா?’ என்று நண்பர்கள் கேட்பார்கள். இல்லை. ஆனால் நிலத்தை மட்டும் தனியே பெயர்த்தெடுத்து ரசிப்பது நம் மரபே அல்ல. தொல்காப்பியம் கருப்பொருளை வகுக்கும்போது தெய்வம், மரம், பறவை ஆகியவற்றோடு உணவையும் தொழிலையும் சேர்த்தே வைக்கிறது. ஆர். சண்முகசுந்தரம் 1942இல் ‘நாகம்மாள்’ எழுதியபோது, கொங்கு நிலத்தைக் காட்சியாக விரிக்கவில்லை. ஒரு விதவை கேட்கும் நிலப் பங்கை மையத்தில் வைத்தார். அந்த நாவலில் நிலம் நம் நினைவில் நிற்பதற்கு அந்தப் பங்குச் சண்டையே காரணம். நாம் அங்கிருந்து முன்னேறியிருக்க வேண்டும். மாறாக, நிழற்படக் கருவியின் கண்ணைக் கடன் வாங்கிக்கொண்டோம்.

நான் கேட்பது சிறிய விஷயம்தான். ஆனைமலைக்குப் போகும் நண்பர்கள் வியாழக்கிழமையாகப் பார்த்துப் போகட்டும். காலையில் நடக்கட்டும்; பிறகு சந்தையில் ஒரு மணி நேரம் நிற்கட்டும். திரும்பிவந்து எழுதும் கட்டுரையில் அன்றைய தேங்காய் விலை ஒரு வரியாவது வரட்டும். அதற்குப் பிறகு எத்தனை பச்சை வேண்டுமானாலும் எழுதுங்கள், மறுக்காமல் வாசிக்கிறேன்.